சளி வரவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்குக் கழுத்தில் துளை போட்டு, மூச்சு விடுவதற்கான டிராக்கியாஸ்டமி டியூப் வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சளியை இருமி வெளியே தள்ள அவருக்குத் தெம்பு இல்லை, அதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் மெஷின்தான் கதி. இப்போதுதான் இதற்குள் வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு ராத்திரி மெஷின் சத்தமாக ஓடுகிறது, சளி மட்டும் வரவில்லை, அப்பாவுக்கு நெஞ்சு கரகரவென்று இருக்கிறது. கூட இருந்த உறவினர் பதறிப்போய் "அழுத்தத்தைக் கூட்டு" என்கிறார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் அதைத்தான் செய்யவே கூடாது என்றிருந்தார். பெரியவர்களுக்கு உறிஞ்சும் அழுத்தம் 80 முதல் 120 மி.மீ. பாதரசம், சளி ரொம்பக் கெட்டியாக இருந்தாலும் 150ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் மூச்சுக்குழாயின் உள்பக்கம் புண்ணாகி ரத்தம் வரலாம். அதனால் மெஷினிலிருந்து வரும் டியூபின் முனையை விரலால் அடைத்து, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தேன், முள் ஏறவேயில்லை. சளி சேரும் ஜாரின் மூடி சரியாக உட்காராமல் காற்று கசிந்திருக்கிறது, அழுத்தி மூடியதும் சரியாகிவிட்டது. மெஷின் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் மூடி, டியூப் இணைப்பு, மெஷினின் ஃபில்டர் மூன்றையும் பாருங்கள். ஜார் நிறையும் வரை விட்டால் ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொள்ளும்.

கேஜ் சரியாக இருந்தும் வரவில்லையா, சளி கெட்டியாகியிருக்கும். மூக்கு வழியாகப் போகும் காற்று ஈரமாகி, சூடாகி உள்ளே போகும், கழுத்து டியூப் வழியாகப் போவதற்கு அது கிடையாது. அப்பாவுக்கு டியூப் வாயில் ஈரப்பதம் காக்கும் ஃபில்டர் போட்டு, டாக்டர் சொன்னபடி நெபுலைசரும் (புகைபோல நுண்துளிகளாக்கி மூச்சில் கொடுப்பது) கொடுத்து, உணவு டியூப் வழியாகக் கொடுக்கும் தண்ணீரின் அளவையும் சரிபண்ணிய பிறகுதான் சளி இளகி வந்தது. இதை எல்லோரும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சளியை உறிஞ்சும் மெல்லிய குழாயான கதீட்டரை உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போதுதான் அதன் பிடியில் இருக்கும் துளையை விரலால் மூடி உறிஞ்ச வேண்டும், அதுவும் 10, அதிகபட்சம் 15 விநாடி. சளியோடு காற்றையும் சேர்த்து இழுப்பதால் ஆக்ஸிஜன் சட்டென்று இறங்கும், சிலருக்கு நாடித்துடிப்பும் குறையும், அவர்கள் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கட்டும். அடுத்த தடவைக்கு முன் அவர்கள் மூச்சு வாங்கி நிதானமாகட்டும். மணி பார்த்து எடுக்காதீர்கள், கரகரப்பு கேட்டால், மூச்சு திணறினால் எடுங்கள்.

அப்புறம், கையால் அழுத்தி உறிஞ்சும் சின்ன பம்ப் ஒன்று கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும், மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்தால் அதுதான் கைகொடுக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் அழுத்தத்தையும் கதீட்டர் அளவையும் உங்கள் டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், நான் சொன்ன எண்கள் பெரியவர்களுக்கு மட்டும்தான்.