போட் ஜெனரேட்டர் 20 நிமிஷத்துல தானா நிக்குது, எங்க பாக்கணும்?

உப்புக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம், போட்ல 6 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர், கடல் தண்ணி இழுத்து கூல் ஆவுற டைப். ஸ்டார்ட்டிங்லாம் ஒரே அடில பிடிக்குது, ஏசி போட்டு ஓடவிட்டா 15-20 நிமிஷத்துல பட்டுனு ஆஃப். அரை மணி நேரம் விட்டு அடிச்சா மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். நிக்கிற வரைக்கும் 230 வோல்ட் ஆடாம காட்டுது. ஏவிஆர் (வோல்டேஜ ஒரே அளவுல வைக்கிற போர்டு) போயிருக்கும்னு ஒருத்தர் சொல்றாரு, வாங்கிடலாமா? இன்னொன்னு, நாள் பூரா சார்ஜ் போட்டும் காலைல பேட்டரி 12.1 வோல்ட் தான் இருக்கு, ராத்திரி ரெண்டு லைட்டும் ஃப்ரிட்ஜும்தான் ஓடுச்சு.

பழைய_ஸ்பேனர்:
ஏவிஆர் மேல கை வைக்காதீங்க ப்ரோ, அது போயிருந்தா வோல்டேஜ் ஆடும், இல்ல வரவே வராது. ஆறினா ஓடுது சூடானா நிக்குதுன்னா அது டெம்பரேச்சர் சுவிட்ச் இன்ஜின காப்பாத்துற வேலை. ஓடும்போது எக்ஸாஸ்ட்ல தண்ணி எவ்ளோ வருதுன்னு எட்டிப்பாருங்க, கம்மியா ஆவி ஆவியா வந்தா சீ காக் (கடல் தண்ணி உள்ள வர்ற வால்வு), ஸ்ட்ரெய்னர் (குப்பை வடிகட்டி), அப்புறம் பம்ப் இம்பெல்லர் (தண்ணிய தள்ளுற ரப்பர் இறக்கை சக்கரம்) பாருங்க. இம்பெல்லர் இறக்கை ஒடைஞ்சிருந்தா புதுச போட்டு மூடிடாதீங்க, ஒடைஞ்ச துண்டு அந்த தண்ணியோட போய் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல் தண்ணி இன்ஜின் சூட்ட வாங்கிக்கிற எடம்) வாயில ஒக்காந்திருக்கும், எத்தனை இல்லையோ அத்தனையும் எண்ணி எடுக்கணும். நான் எண்ணாம விட்டு ரெண்டே வாரத்துல அதே வேலைய திரும்ப செஞ்சவன்.

டெக்_வாசி:
டீசல் லைனையும் பாக்கலாமே? டேங்க் வென்ட் (டேங்குக்குள்ள காத்து போற ஓட்டை) அடைச்சிருந்தாலும் கொஞ்ச நேரம் ஓடி நிக்கும், நின்னதும் மூடிய தொறந்தா புஸ்ஸுனு காத்து இழுக்கும்.

பழைய_ஸ்பேனர்:
அதுவும் உண்டு, ஆனா டீசல் பத்தலன்னா விக்கி விக்கி ஆர்பிஎம் ஏறி எறங்கி சாவும், இவருக்கு பட்டுனு கட் ஆவுது. ஆங், டீசல் லைன கழட்டி ஏர் புடிச்சு ஸ்டார்ட் ஆவலன்னா சீ காக்க தொறந்து வச்சுக்கிட்டு விடாம கிராங்க் அடிக்காதீங்க, வெளிய தள்ள புகை இல்லாம மஃப்ளர்ல தண்ணி ரொம்பி சிலிண்டருக்குள்ளயே போயிடும். மூடிட்டு அடிங்க, பிடிச்சதும் உடனே தொறந்துடுங்க.

வயர்மேன்:
பேட்டரிக்கு என் பங்கு. லெட் ஆசிட்னா 12.1 பாதி காலி. சார்ஜ் ஏறும்போது சார்ஜர் அவுட்புட்லயும் பேட்டரி போஸ்ட்லயும் தனித்தனியா மீட்டர் வைங்க, அங்க 14.3 இங்க 13.6னு இருந்தா மிச்சத்த ஏதோ ஒரு லக் (வயர் நுனில மாட்டுற கனெக்டர்) தின்னுது. பச்சை பூத்திருக்கா பாருங்க, நெகட்டிவ் பக்கத்த யாரும் பாக்கவே மாட்டாங்க. சார்ஜர ஆஃப் பண்ணி பேட்டரி சுவிட்ச்சையும் ஆஃப் பண்ணிட்டு லக்க கழட்டுங்க.

உப்புக்காத்து:
ஸ்பேனர் அண்ணே, இம்பெல்லர்தான்! நாலு இறக்கை இல்ல, மூணு எக்ஸ்சேஞ்சர் வாயில கிடைச்சுது, நாலாவத காணோம். நெகட்டிவ் லக்க தொட்டேன், கையோட வந்துடுச்சு.

பழைய_ஸ்பேனர்:
பம்புலேர்ந்து எக்ஸ்சேஞ்சருக்கு போற ஹோஸ் வளையிற எடத்துல கம்பி விட்டு பாருங்க.

உப்புக்காத்து:
அங்கதான் இருந்துச்சு. இப்ப ஒன்றரை மணி நேரமா ஓடுது.