மாநாட்டில் சிம்போசியம் கேட்டு நடத்தியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து

நானே ஆரம்பிக்கிறேன். சமுதாய மருத்துவத் துறையில் இருக்கிறேன், பதினோரு வருடமாகக் காசநோய்தான் வேலை. ஒரு உலக மாநாட்டுக்கு சிம்போசியம், அதாவது ஒரே பொருளைப் பற்றிப் பலர் சேர்ந்து பேசும் அமர்வு, கேட்டு முதல் வருடம் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுரை வாசிக்க விண்ணப்பிப்பது வேறு, சிம்போசியம் கேட்பது வேறு. கட்டுரை என்றால் நம் ஆய்வு, நம் சுருக்கம், அனுப்பிவிட்டால் முடிந்தது. சிம்போசியத்தில் ஒன்றரை மணி நேர மேடையையே கேட்கிறோம். தலைப்பு, பொது விளக்கம், நோக்கங்கள், யாருக்காக இந்த அமர்வு, தலைமை தாங்க இரண்டு பேர், பேச நாலைந்து பேர், ஒவ்வொருவருக்கும் தனித் தலைப்பும் ஒரு பத்திச் சுருக்கமும், எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம், இவ்வளவும் நம் தலையில். அதிலும் கடைசித் தேதி ஐரோப்பிய நேரத்தில் நள்ளிரவு என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை மூன்றரை மணி. அந்த மூன்றரை மணியை நம்பி உட்காராதீர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் ஏற்றுவதால் தளம் நகராது.

முதல் வருடம் நான் அனுப்பியது தமிழ்நாட்டின் காசநோய்ப் பணிகள் பற்றிய ஒரு பொதுப் பார்வை. பேச்சாளர்கள் நாலு பேருமே எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், நாலு பேருமே ஆண் மருத்துவர்கள், மூன்று பேர் ஒரே ஊர். பதில் இரண்டே வரியில் வந்தது: தனித்தனிக் கட்டுரைகளை அடுக்கி வைத்ததுபோல் இருக்கிறது, இவர்களை ஒன்றாக ஏன் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து எடுத்துப் படித்தபோது, அவர்கள் சொன்னது சரி என்று பட்டது. என்னிடம் தலைப்பு இருந்தது, கேள்வி இல்லை.

அடுத்த வருடம் கேள்வியிலிருந்து தொடங்கினோம். 1956ல் சென்னையில் ஆரம்பித்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலும் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனை) ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் எல்லாம் உண்டு. வீட்டில் இருந்தவர்களுக்கு அது எதுவும் கிடையாது, இருந்தாலும் கிட்டத்தட்ட அவர்கள் அளவுக்கே குணமானார்கள். 1959ல் வந்த அந்த முடிவு உலகத்தையே மாற்றியது, பல நாடுகளில் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதோடு, மருந்து சரியாகப் போனால் போதும், சாப்பாடு முக்கியமில்லை என்ற எண்ணமும் நம் ஆட்கள் மனதில் ஊறிப்போனது. 2023ல் ஜார்க்கண்டிலிருந்து வந்த ரேஷன்ஸ் ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டியது: நோயாளியின் குடும்பத்துக்கும் உணவுப் பொருள் கொடுத்தபோது வீட்டில் இருந்த மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39% குறைந்தது, முதல் இரண்டு மாதத்தில் எடை 5% கூடிய நோயாளிகளுக்கு இறந்துபோகும் ஆபத்து 61% குறைவாக இருந்தது. 1959ல் பார்த்தது கிருமி போனதா என்று, 2023ல் பார்த்தது ஆள் பிழைத்தாரா, வீட்டில் இன்னொருவருக்கு வந்ததா என்று. இரண்டும் பொய்யில்லை. அப்படியானால் இன்றைக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? இதுதான் எங்கள் கேள்வி.

கேள்வி கிடைத்ததும் பேச்சாளர்களைத் தேடுவது தானாக எளிதாகிவிட்டது. பழைய ஆய்வின் வரலாறு தெரிந்தவர் ஒருவர், உணவு ஆய்வுகளைப் பற்றிப் பேச ஒருவர், 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தின் களத்திலிருந்து ஒரு செவிலியர். நோய் கண்டுபிடித்தவுடனே எடை உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமாக இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்கும் திட்டம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர். ஐந்தாவதாக, நோயிலிருந்து மீண்ட ஒரு அக்கா. புதுக்கோட்டைப் பக்கம், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்.

அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் ‘சமூகப் பிரதிநிதி’ என்று ஒரு கட்டம் இருக்கும், பலரும் அதை நிரப்புவதற்காக ஒரு பெயரைப் போட்டு, கடைசியில் ஐந்து நிமிடம் கொடுத்து, கைதட்டி அனுப்பிவிடுவார்கள். எங்கள் அமர்வில் அப்படி நடக்கக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்தோம். பேச்சு மொழிபெயர்த்துப் போக வேண்டும், ஆக மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் என்றால் அவருக்குப் பதினெட்டு. பேசும் வரிசையில் முதல் ஆள் அவர். பாஸ்போர்ட் எடுக்கவே மூன்று மாதம் ஆனது. மாநாட்டுக்காரர்கள் செலவைப் பிறகு திருப்பித் தருவோம் என்றார்கள், பிறகு என்றால் அவர் எங்கே போவார், நாங்கள் நாலு பேர் முன்பணம் போட்டுத்தான் டிக்கெட் எடுத்தோம்.

ஒத்திகையை வீடியோ காலில் வைத்தோம். நான் ஸ்லைடு செய்து தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மஞ்சள் பை ஒன்றிலிருந்து சிகிச்சை அட்டையை எடுத்து கேமராவுக்கு நேராகப் பிடித்தார். ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, நடுவில் மடிந்து கிழிந்த இடத்தில் செலோடேப். முதல் மாதம் 29 கிலோ, இரண்டாம் மாதம் 29, மூன்றாம் மாதம் 33. “அந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்றேன் டாக்டர், அது போதும்” என்றார். மேடையிலும் அதைத்தான் சொன்னார். மாத்திரை உள்ளே போனால் பசி எடுக்கும், பசித்துச் சாப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றுதான் தோன்றும், பக்கத்து வீட்டுக்காரர் தினம் முட்டையும் வாரம் இரண்டு படி அரிசியும் கொடுத்த பிறகுதான் ஒழுங்காகப் போட்டேன் என்று. அவருக்குப் பின்னால் பேசிய உணவு ஆய்வுக்காரர் தன் முதல் மூன்று ஸ்லைடுகளைத் தாண்டிவிட்டு, அந்த அட்டையிலிருந்தே பேச ஆரம்பித்தார். நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அக்கா, வாசிக்கவே சந்தோசமாக இருக்கிறது. எங்களுடையது நுளம்புக் (கொசுக்) கதை. இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில், மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் 2016 செப்டெம்பரில். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி அகப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகுகிற, நகரத்துக்குப் பழகிய நுளம்பு. சென்னையில் மலேரியாவைப் பரப்புவதும் இதுதான். ஆகவே கடலுக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்களை ஒரே அமர்வில் இருத்த வேண்டும் என்று கேட்டோம், கிடைத்தது.

நடத்துவதில்தான் பாடுபட்டோம். ஐந்து பேச்சாளர்களில் ஒருவருக்கு விசா வரவில்லை, இன்னொருவர் ஆறு நாளைக்கு முன் வர இயலாது என்று எழுதினார். மாற்றாள் போடுவதற்கு மாநாட்டின் கெடு முடிந்துவிட்டது. இரவிரவாக யோசித்துவிட்டு, அந்த இருபது நிமிடத்துக்கு ஆள் தேடாமல், கூட வந்திருந்த பூச்சியியல் உதவியாளர் ஒருவரை முன்னால் இருத்திக் கேள்வி பதிலாக மாற்றினோம். கிணற்றுக்குள் எப்படிக் குடம்பி (நுளம்பின் புழு) எடுப்பது, எந்த வீட்டுக்காரர் மூடியைத் திறக்கவிட மாட்டார், என்ன சொன்னால் விடுவார் என்று அவர் சொல்லச் சொல்ல சென்னைப் பக்கத்து ஆட்கள் எழுந்து எழுந்து கேட்டார்கள், அடுத்த அமர்வுக்காரர் கதவடியில் வந்து நிற்கும்வரை. இப்போது எந்த அமர்வு எழுதினாலும் கலந்துரையாடலுக்கு இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறையாமல் விடுகிறேன். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் பதிலாள் பெயரையும் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து

நான் இரண்டு முறை முன்மொழிவுகளை மதிப்பிட்டிருக்கிறேன். ஒரு வாரத்தில் முப்பதுக்கு மேல் படிக்க வேண்டும், அதுவும் வேலை முடிந்து ராத்திரியில். பொது விளக்கத்தின் முதல் நாலு வரியில் சண்டை என்ன என்று தெரியாவிட்டால் என் மதிப்பெண் இறங்கிவிடும், உலகத்தில் இத்தனை கோடிப் பேருக்கு இந்த நோய் என்று ஆரம்பிக்கும் வரி எல்லாரிடமும் இருக்கிறது. ஐந்து பேரின் சுருக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பேன். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது என்பது அங்கே பிடிபட்டுவிடும். இன்னொன்று, தலைமை தாங்குபவர் பெரிய பதவியில் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள், நேரத்தைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவராக இருக்கட்டும்.

தங்கச்சி, ஒன்று கேட்கிறேன், அந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தது யார்?

திருச்சியிலிருந்து

நான்தான் அண்ணே. ஒத்திகையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினேன், அவருக்குப் பேச்சு அறுந்து அறுந்து போனது. அப்புறம் ஒரு பத்தி முழுக்கப் பேச விட்டுவிட்டு, குறிப்பு எடுத்துக்கொண்டு சொன்னேன், அது நன்றாக வந்தது. “பசி” என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் தமிழிலேயே இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பொருள் சொன்னேன்.

அடுத்த கெடுவுக்கு யாராவது எழுதுவதாக இருந்தால் சொல்லுங்கள், திருப்பி அனுப்பப்பட்ட முதல் முன்மொழிவையும் ஏற்கப்பட்ட இரண்டாவதையும் சேர்த்தே அனுப்புகிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.