மாஸி 135 ஐட்லிங்கில் உதறுகிறது: பம்பை இறக்கணுமா?

செம்பனைத்தோட்டம் (சுங்கை சிப்புட்) கேட்கிறார்:

வணக்கம். மாஸி பெர்குசன் 135 டிராக்டர், பெர்க்கின்ஸ் ஏடி3.152 மூன்று சிலிண்டர் எஞ்சின், சி.ஏ.வி. டி.பி.ஏ. ரோட்டரி பம்பு (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பு). செம்பனைக் குலை டிரெய்லர் இழுக்கிற வேலை. 1,200 சுற்றுக்கு மேல் போனால் ஓரளவு சீராக ஓடுகிறது. திராட்டலை இறக்கி ஐட்லிங்குக்கு (சுமையில்லாமல் மெதுவாக ஓடும் வேகம்), அதாவது 750-க்கு விட்டால் பானட் ஆடுகிற அளவுக்கு உதறுகிறது. அதோடு வேகம் தானாக ஏறுகிறது, இறங்குகிறது. நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை. ஏறி இறங்குவது மட்டும் டீசல் பில்டர் மாற்றிய பிறகு வந்தது, உதறல் அதற்கு முன்பே உண்டு. பட்டறையில் பம்பை இறக்கி ஓவர்ஹால் செய்யச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் நாமே எதையெல்லாம் பார்க்கலாம்?

நாசில்காரர் (ஈப்போ):

பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால்தான் செலவு பம்புக்குப் போகும்.

வேகம் ஏறி இறங்குவது ஹன்டிங். பெரும்பாலும் டீசலில் காற்று கலப்பதால் வரும். பில்டர் மாற்றிய பிறகு வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஒரே தாளத்தில் 'தக்-தக்-இடைவெளி' என்று உதறுவது வேறு, அது ஒரு சிலிண்டர் மிஸ் அடிப்பது. டி.பி.ஏ. பம்பில் மூன்று சிலிண்டருக்கும் டீசலை அழுத்தித் தள்ளுவது ஒரே ஜோடி பிளஞ்சர் (தள்ளுதண்டு), ரோட்டர் சுற்றி முறைவைத்துப் பங்கு போடுகிறது. பிளஞ்சர் தேய்ந்தால் மூன்றுமே சோர்ந்துபோகும். ஒன்று மட்டும் அடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுவது), அடுத்தது வால்வும் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது).

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது சுலபம். எஞ்சின் சூடாகட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரையும் பி.டி.ஓ.வையும் (கருவிகளை ஓட்டும் பின்பக்கத் தண்டு) நியூட்ரலில் வையுங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒரு இன்ஜெக்டரின் பிரஷர் பைப் நட்டை மட்டும் அரைச் சுற்று தளர்த்துங்கள். சத்தம் மாறி வேகம் விழுந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எதைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ அதுதான் சோம்பேறி. ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1.

நட்டைச் சுற்றித் தடித்த துணி, கண்ணாடி, கையுறை கட்டாயம். அங்கிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

பழைய இரும்பு (தெலுக் இந்தான்):

அண்ணன் சொன்னது சரி, ஆனால் காற்றை முதலில் முடியுங்கள். ஹன்டிங் இருக்கும்போது சிலிண்டர் சோதனை செய்தால் வேகம் விழுந்தது எதனால் என்றே தெரியாது.

சி.ஏ.வி. 296 பில்டரைத் திரும்பத் திறங்கள். பெட்டியில் எலிமெண்ட்டோடு மேலும் கீழும் வருகிற பெரிய ரப்பர் வளையங்களும், நடு போல்ட்டுக்கான சின்ன ஓ-ரிங்கும் இருக்கும். அந்தச் சின்னது நடுவில் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதால் பழையதை எடுக்காமல் விட்டுவிடுவார்கள். பழைய பெரிய வளையமும் ஹெட்டின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும், அதன்மேல் புதியது உட்கார்ந்தால் கோணலாகத்தான் நிற்கும். முனை மழுங்கிய கம்பியால் தோண்டி எடுங்கள். பள்ளத்தில் கீறல் விழக்கூடாது.

பிறகு ஏர் எடுங்கள். லிப்ட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்னப் பம்பு) கை நெம்புகோலை அடித்துக்கொண்டே முதலில் பில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூ, அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ, பிறகு கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) மூடியில் உள்ள ஸ்க்ரூ. ஒவ்வொன்றிலும் குமிழி நின்று டீசல் கம்பியாக வரும்வரை. நெம்புகோல் தொளதொளவென்று இருந்து அடி விழவில்லை என்றால் கேம் மேட்டில் நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்று சுற்றினால் பிடித்துக்கொள்ளும். கடைசியாகத் திராட்டலை முழுக்கத் திறந்து, இரண்டு இன்ஜெக்டரின் பிரஷர் பைப் நட்டைத் தளர்த்தி, டீசல் வரும்வரை ஸ்டார்ட்டர் அடியுங்கள். ஒரு தடவைக்கு 15 வினாடிக்கு மேல் வேண்டாம்.

மறுபடி ஹன்டிங் வந்தால், பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் தெளிவான பிளாஸ்டிக் ஹோஸ் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்று முன்னாலேயே புகுகிறது. டேங்க் குழாயின் பாக்கிங், பான்ஜோ போல்ட்டின் (டீசல் குழாயை இணைக்கும் துளையுள்ள போல்ட்) இரண்டு பக்கச் செம்பு வாஷர், விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ் எல்லாம் பார்க்கணும். பழைய ரப்பருக்கு இப்போதைய டீசல் ஒத்துக்கொள்வதில்லை. செம்பனை மெத்தில் எஸ்டர் 10 விழுக்காடு கலந்த பி10 டீசல் மலேசியாவில் 2019-இல் வந்தது. அது பழைய டேங்கின் அடி அழுக்கைக் கழற்றும், தண்ணீரையும் பிடித்து வைக்கும். டேங்கை இறக்கிக் கழுவாமல் பில்டர் மட்டும் மாற்றினால் பில்டர் சீக்கிரம் அடைக்கும். நம் ஈரக் காற்றுக்குச் சாயந்திரமே டேங்கை நிரப்பி வைப்பது நல்லது.

ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டி உதறலை மறைக்காதீர்கள். சீல் வைத்த மேக்ஸிமம் வேக ஸ்க்ரூவைத் தொடவே கூடாது.

செம்பனைத்தோட்டம்:

ரொம்ப நன்றி. நடு போல்ட்டில் இரண்டு ஓ-ரிங் இருந்தது. எடுத்துவிட்டுப் புதியது போட்டேன், ஹன்டிங் நின்றுவிட்டது. இப்போது மிஸ் தனியாகத் தெரிகிறது. இரண்டாம் நம்பரைத் தளர்த்தினால் மாற்றமே இல்லை. அந்த இன்ஜெக்டரின் அடியைச் சுற்றி ஈரமாக, தார் பூசியது போலக் கறுப்பாக இருக்கிறது. காது வைத்தால் 'சிக் சிக்' என்று ஒரு சத்தம்.

நாசில்காரர்:

அந்தக் கறுப்புதான் விடை. கம்ப்ரஷன் இன்ஜெக்டர் அடியில் கசிகிறது. கழற்றுமுன் சுற்றிலும் தூரிகையால் துடைத்துவிடுங்கள், மண் சிலிண்டருக்குள் விழக்கூடாது.

இன்ஜெக்டரைத் தூக்கியதும் துளைக்குள் டார்ச் அடியுங்கள். பழைய செம்பு வாஷர் அடியிலேயே தங்கியிருக்கும். அதன்மேல் இன்னொன்று போட்டிருந்தால் நாசில் (இன்ஜெக்டரின் பீச்சும் முனை) உயர்ந்து நின்று பீச்சு சரியான இடத்தில் விழாது. வளைத்த கம்பியால் எடுங்கள். உட்காரும் இடத்தை மரக்குச்சியில் துணி சுற்றித் துடைத்து, டீசல் அடைப்பை இழுத்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை இரண்டு வினாடி அடித்தால் கரித்தூள் வெளியே பறக்கும். அப்போது துளைக்கு நேரே நிற்காதீர்கள்.

புதிய வாஷர் ஒன்றே ஒன்று. இன்ஜெக்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் கால் சுற்று, கால் சுற்றாக மாறி மாறி இறுக்கணும், முடிவில் 12 அடி-பவுண்டு. ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் இன்ஜெக்டர் சாயும், உள்ளே ஊசி பிடித்துக்கொள்ளும்.

அதற்குப் பிறகும் மிஸ் இருந்தால் 1, 2 இன்ஜெக்டர்களை இடம் மாற்றுங்கள், புது வாஷரோடு. மிஸ் ஒன்றாம் நம்பருக்குப் போனால் நாசில்தான். நாசில் டெஸ்டர் உள்ள கடையில் காட்டுங்கள். ஹோல்டரில் பொறித்த குறியீட்டுக்கு உரிய அழுத்தத்தில் எல்லாத் துளையிலும் ஒரே அளவு மூடுபனியாக வரணும். திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே 10 வினாடி பிடித்தால் நுனியில் சொட்டு தொங்கக்கூடாது. மிஸ் இரண்டிலேயே நின்றால் டேப்பட் (வால்வு இடைவெளி) பாருங்கள்: குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம். பையரிங் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-2-3, ஆகவே ஒன்று முடித்து 240 டிகிரி சுற்றினால் இரண்டாவது கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும், இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) தளர்வாக இருக்கும்.

பழைய இரும்பு:

இன்னொன்று, இன்றைக்கே. டிப்ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். லிப்ட் பம்பு டயாப்ரம் கிழிந்தால் டீசல் சம்ப்பில் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி) இறங்கும், எண்ணெய் அளவு ஏறும், வாசனை காட்டிக்கொடுக்கும். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். மெலிந்த எண்ணெய் பேரிங்கைத் தின்றுவிடும், அளவு மிஞ்சினால் எஞ்சின் தன் எண்ணெயையே எரித்துக்கொண்டு அடங்காமல் ஓடும். அப்போது டீசலை அடைத்தாலும் நிற்காது, காற்று வரும் வழியை அடைத்தால்தான் நிற்கும்.

இன்டேக் மேனிபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாய்) தெர்மோஸ்டார்ட் (குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் ஹீட்டர்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது குளிர்நாட்டுக்கு வைத்தது. உள் வால்வு கசிந்தால் டீசல் மேனிபோல்டுக்குள் சொட்டி, நீங்கள் சொன்ன வெள்ளைப் புகை வரும். நம் ஊருக்கு அது தேவையில்லை. பைப்பைக் கழற்றி இரண்டு முனையையும் அடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.