கண்மாய் நீச்சல் போட்டியும் இன்சூரன்ஸும்: எங்கள் ஊரில் நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

வணக்கம். மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் போன தை மாதம் பொங்கல் விளையாட்டோடு சேர்த்து ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல் போட்டி வைத்தோம். அதில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், பக்கத்து ஊர்களிலும் அடுத்த தையில் வைக்கப் போவதாகச் சொல்கிறார்கள்.

கமிட்டியில் சண்டை வந்தது இன்சூரன்ஸுக்குத்தான். நீந்துகிறவர்களுக்குக் குரூப் விபத்து பாலிசி, அதோடு மருத்துவச் செலவு, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு எங்களால் ஏதாவது ஆனால் அதற்குத் தனி பாலிசி. மைக் செட்டுக்கும் கோப்பைக்கும் கேட்ட உடனே பணம் எடுத்துக் கொடுத்தவர்கள், "நம்ம பிள்ளைக நடக்கப் பழகும்போதே கண்மாயில கிடந்தவங்க, இதுக்கு எதுக்குப்பா இன்சூரன்ஸ்" என்றார்கள். கடைசியில் நீந்துகிறவர்களுக்கு மட்டும் எடுத்தோம். 54 பேர், பெயர், வயது எல்லாம் எழுதி இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டோம்.

போட்டியன்று காலையில் கரையில் வந்து பெயர் கொடுத்தவர்கள் 7 பேர். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு தொப்பியைக் கொடுத்து இறக்கிவிட்டோம். எங்கள் கண்மாய் சில வருடம் காய்ந்து கிடந்தபோது சீமைக் கருவேலம் மண்டிவிட்டது, ஏலம் எடுத்து வெட்டினவர்கள் தூரோடு எடுக்காமல் முழங்கால் உயரத்துக்கு விட்டுவிட்டுப் போனார்கள், தண்ணீர் பெருகினால் ஒரு கட்டைகூடக் கண்ணுக்குத் தெரியாது. கரையேறும் இடத்துக்கு முப்பது அடி முன்னால் ஒரு தம்பி காலை ஊன்றியிருக்கிறான், கட்டை தொடையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலு நாள். அந்த ஏழு பேரில் அவனும் ஒருவன். பட்டியலில் பெயர் இல்லை, அதனால் பணம் இல்லை. கம்பெனி மேல் தப்பு சொல்ல முடியாது, தப்பு எங்களுடையது. ஊரில் வசூல் செய்து கட்டினோம். அவன் அம்மா எங்களை ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

அன்றைக்கே இன்னொன்று. இறங்கியது 61 பேர், கரையில் எண்ணினால் 60. பரிசலை விட்டுத் துழாவினோம், 101-க்குப் போன் போட்டோம், பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, ஒருவர் பாதியில் முடியாமல் மடைப் பக்கமாகக் கரையேறி பைக்கில் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஏறினால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

*தேனியிலிருந்து:*

அண்ணே, படிக்கும்போதே கை நடுங்குது. என் மகனுக்குப் பதினோரு வயது, கடல் நீச்சல் பழகுகிறான். 1994-இல் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார் இல்லையா, அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டேன். போன வருடம் ராமநாதபுரம் பக்கம் ஒரு கடல் போட்டிக்குக் கூட்டிப்போனேன். கட்டணத்தில் இன்சூரன்ஸும் அடக்கம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பாலிசி நகல் கேட்டேன், காட்டவில்லை. அதற்குப் பதில் "உயிருக்கு நானே பொறுப்பு" என்று ஒரு தாளை நீட்டினார்கள். கடலில் எத்தனை படகு என்று பார்த்தால், அத்தனை பிள்ளைகளுக்கும் இரண்டு. சொறி (ஜெல்லி மீன்) மேலே பட்டால் யார் தூக்குவார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. மகன் அழ அழக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேங்க்கில் வருடம் 20 ரூபாய்க்குப் பிடிக்கிறார்களே, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்ற விபத்து இன்சூரன்ஸ், 2 லட்சம், அது 18 வயதிலிருந்து 70 வரைதான். சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. அதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

*மதுரையிலிருந்து, நீச்சல் சொல்லிக்கொடுப்பவன்:*

எண்ணிக்கை குறைந்த விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டி. ஃபிரான் கிரிப்பன் என்ற அமெரிக்க வீரர், 26 வயது, தண்ணீருக்குள்ளேயே இறந்துபோனார். மற்றவர்கள் எல்லாம் முடித்துக் கரையேறிய பிறகுதான் அவர் இல்லை என்பதே தெரிந்தது. உலக அளவில் ஜெயித்தவர், அவருக்கே அந்தக் கதி. அதற்குப் பின்னால்தான் தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் சுட்டால் போட்டி கூடாது என்று விதி வந்தது. போட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னால், பாதையின் நடுவில், 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அளக்க வேண்டும். சித்திரையில் நம் பக்கத்துக் கண்மாயில் மத்தியானம் கையை விட்டுப் பாருங்கள், புரியும். நான் மாணவர்களை விடிகாலையில்தான் இறக்குவேன், ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவை இடுப்பில் கட்டியிருக்க வேண்டும்.

அப்புறம், யாராவது மூழ்கி எடுத்தால் வயிற்றை அமுக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது வேண்டவே வேண்டாம். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அமுக்கிக்கொண்டே 108 வரும்வரை நிறுத்தாமல் செய்ய வேண்டும்.

*அண்ணா நகரிலிருந்து, இன்சூரன்ஸ் ஏஜென்ட்:*

தேனி அக்கா செய்தது சரி. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் அலட்சியத்தால் சாவு நடந்தால் நடத்தினவர் தப்ப முடியாது, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறை. வீட்டில் இருக்கும் ஹெல்த் பாலிசியை நம்பி இறங்குகிறவர்களும் சாகச விளையாட்டு விலக்கை, அதாவது எதற்குப் பணம் தர மாட்டோம் என்று எழுதியிருக்கும் பகுதியை, ஒருமுறை படியுங்கள். தொழில்முறையாகப் பங்கேற்றால்தான் விலக்கு என்று அதில் இருக்கும். ராஃப்டிங், ஸ்கூபா எல்லாம் பெயரோடு வரும், நீச்சல் வராது, ஆனால் "இவை மட்டுமல்ல" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்தே இருக்கும். பரிசுப் பணம் வாங்குகிறவர் என்றால் முன்கூட்டியே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். போனில் சொன்னது நிற்காது.

*மேலூர்க்காரர், மறுபடியும்:*

எல்லோருக்கும் நன்றி. வருகிற தைக்குப் பெயர் கொடுக்க மூன்று நாள் முன்னாலேயே கடைசி நாள், அதற்குப் பிறகு யார் சிபாரிசோடு வந்தாலும் கிடையாது. கம்பெனிக்குப் போகிற அதே பட்டியலின் இன்னொரு நகல் கரையில் இருக்கும், இறங்கும்போது ஒரு டிக், ஏறும்போது ஒரு டிக். அந்த வேலையை அடிபட்ட தம்பியே கேட்டு வாங்கிக்கொண்டான். கட்டைகளைத் தூரோடு எடுக்க ஒன்றிய ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறோம், தண்ணீர் வற்றினால்தான் வேலை நடக்கும். பார்வையாளர்களுக்கான பாலிசி இந்தப் பக்கம் யாராவது எடுத்திருந்தால் எவ்வளவு ஆனது, என்னென்ன பேப்பர் கேட்டார்கள் என்று எழுதுங்கள், ஆடி முடிவதற்குள் கமிட்டியில் வைக்க வேண்டும்.