பெரியவீட்டு வாட்ஸ்அப் குழு: குட்டியானை நம்பர்

*திங்கள், காலை*

பெரியப்பா: வியாழன் ராத்திரி வாடிப்பட்டி வீட்டு வாசத் தூணை இடிச்ச குட்டியானை வண்டிக்காரன் "நான் இல்ல, ஆதாரம் காட்டுங்க"ங்கிறான். கேமராவுல நம்பர் தெரியுதா பாருங்கப்பா

கார்த்தி: பாத்துட்டேன் பெரியப்பா. வண்டி தெரியுது. நம்பர் இருக்குற எடத்துல வெள்ளையா ஒரு கட்டி

கார்த்தி: (படம்)

பெரியப்பா: இதுக்குத்தான் அன்னைக்கே படிச்சுப் படிச்சு சொன்னேன் நல்ல கேமராவா போடுங்கன்னு

சித்தப்பா: நல்ல கேமராதாண்ணே. லைவ்ல பளிச்சுன்னு இருக்கு

மீனா அத்தை: அந்தத் தூணு யாரு பாகத்துல வருது?

பெரியப்பா: இப்ப அதுவா முக்கியம் மீனா

ராஜி அக்கா: ஞாயித்துக்கிழமை காதுகுத்துக்கு அழகர்கோயிலுக்கு எத்தன பேரு வர்றீங்கன்னு இன்னைக்குள்ள சொல்லிருங்க. சமையக்காரரு கேக்குறாரு

முத்து அத்தான்: பெரிய மாமா, கேமராவக் கொறை சொல்லாதீங்க. டிவிஆர், அதான் கேமராப் படத்தப் பதியிற பெட்டி, ஒவ்வொரு கேமராவையும் ரெண்டு விதமாப் பதியுது. மெயின் ஸ்ட்ரீம்ங்கிறது தெளிவான பெரிய படம், 1920க்கு 1080 புள்ளி. சப் ஸ்ட்ரீம் சின்னப் படம், 352க்கு 288. போன்ல பழைய ரெக்கார்டிங்கப் போட்டா ஆப் சப்பைத்தான் மொதல்ல எடுக்கும், டேட்டா மிச்சம்னு. கார்த்தி அனுப்புனது சப்.

கணக்குப் பாருங்க. தூண்கிட்ட கேமரா பாக்குற அகலம் சுமாரா 8 மீட்டர். வண்டியோட பின் பிளேட்டு 34 செ.மீ. சப்ல அதுக்குக் கெடைக்கிறது 15 புள்ளி. ரெண்டு வரி பிளேட்டு, வரிக்கு 5 எழுத்துன்னா ஒரு எழுத்துக்கு 3 புள்ளி. 3 புள்ளில என்னத்தப் படிக்க? அதே மெயின்ல பிளேட்டுக்கு 80 புள்ளி, எழுத்துக்கு 16. படிச்சிரலாம்

சித்தப்பா: 👍

பெரியப்பா: சுருக்கமா சொல்லு மாப்ள

முத்து அத்தான்: தேடுறது சப்ல, படிக்கிறது மெயின்ல. அவ்வளவுதான்

கார்த்தி: ஹெச்டி பட்டன் அமுக்கிப் பாத்தேன் அத்தான். சுத்திக்கிட்டே இருக்கு

முத்து அத்தான்: சுத்துச்சா, இல்ல "ரெக்கார்டிங் இல்ல"ன்னு வந்துச்சா?

கார்த்தி: சுத்துச்சு

முத்து அத்தான்: அப்ப பொழச்சோம். "இல்ல"ன்னு வந்தா மெயினே பதியலன்னு அர்த்தம். சுத்துனா நெட்டுதான் மந்தம். வாடிப்பட்டி வீட்டுல இருக்குறது சிம் ரவுட்டர். மெயினுக்கு 2 எம்பிபிஎஸ் வேகத்துல விடாம மேல ஏறணும், அது ஏறல. சப்புக்கு அரை எம்பிபிஎஸ் போதும், அதான் ஓடுது. உன் போன்ல 5ஜி இருந்து பிரயோசனமில்ல, அங்கிட்டு இருந்து அப்லோடு ஆகணும்ல

கார்த்தி: ஏஐல போட்டுத் தெளிவாக்கிரலாமா

முத்து அத்தான்: 3 புள்ளிய வச்சுக்கிட்டு அது 57ன்னும் எழுதும், 59ன்னும் எழுதும். ஒண்ணு திண்டுக்கல் வண்டி, ஒண்ணு மதுரை வண்டி. பெறகு சம்பந்தமில்லாதவன் வீட்டு வாசல்ல போயி பெரிய மாமா சத்தம் போடுவாரு

ராஜி அக்கா: 😂😂

பெரியப்பா: நான் எப்படா சத்தம் போட்டேன்

மீனா அத்தை: 🙏

சித்தப்பா: ஞாயிறு காதுகுத்து முடிச்சிட்டு எல்லாரும் வாடிப்பட்டிதான போறோம். அப்ப நிதானமா எடுத்துக்கலாம்

முத்து அத்தான்: சின்ன மாமா, ஞாயிறு இருக்காது. 1 டிபி டிஸ்க். மெயின் 2 எம்பிபிஎஸ்னா ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. சப்புக்கு ஒரு அஞ்சரை. ஆக 27, நாலு கேமராவுக்கு 108. 1000ஐ 108ஆல வகுத்தா 9 நாளு. அதுக்கு மேல பழசு மேலயே புதுசு ஏறிரும். வியாழன் ராத்திரில இருந்து எண்ணுங்க, சனியோட சரி. வெள்ளிக்குள்ள யாராச்சும் போயே ஆகணும்

சித்தப்பா: அன்னைக்கே 2 டிபி போட்டுருக்கணும்

பெரியப்பா: போட்டுருக்கலாம். யாரு பங்குக் காசு இன்னும் வரலன்னு நான் சொல்லணுமா

*சித்தப்பா ஒரு செய்தியை நீக்கிவிட்டார்*

ராஜி அக்கா: எத்தன பேருன்னு யாரும் சொல்லல

கார்த்தி: நாங்க 4

ராஜி அக்கா: தாய்மாமன் தோடு வாங்கியாச்சா? மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும், லேட்டா வந்து நிக்காத

கார்த்தி: அம்மா வாங்கிட்டாங்க

பெரியப்பா: யாரு போனாலும் என்ன பண்ணணும்னு எழுதிப் போடு மாப்ள

முத்து அத்தான்: போறவுக போன வச்சுப் பாக்க வேணாம். டிவிஆர்ல மானிட்டரும் மவுசும் மாட்டி அங்கயே பாக்கணும், நெட்டே வேணாம்.

மொத வேலை கடிகாரம். டிவிஆர் நேரமும் போன் நேரமும் ஒரே படத்துல விழுற மாதிரி போட்டோ எடுத்துக்கங்க. வித்தியாசம் இருந்தா உடனே திருத்தாதீங்க, குறிச்சு மட்டும் வைங்க. கரண்ட் போயி வந்து நேரம் ஓடியிருந்தா உள்ள இருக்குற வட்ட பேட்டரி செத்திருக்கும், அத பெறகு மாத்திக்கலாம். சரியா அஞ்சரை மணி நேரம் முன்னப் பின்ன இருந்தா டைம் ஸோன் தப்பு.

பெறகு பிளேபேக். 1ஆம் நம்பர் கேமராவ மட்டும் டிக் பண்ணுங்க. நாலையும் சேத்து மெயின்ல ஓட்டுனா டிவிஆருக்கு மூச்சு வாங்கும், படம் வெட்டி வெட்டி வரும். சப்ல வச்சு 8 மடங்கு வேகத்துல ஓட்டி வண்டி வர்ற எடத்தப் புடிங்க. அங்க நிறுத்தி மெயினுக்கு மாத்தி, ஒவ்வொரு ஃபிரேமா, அதாவது ஒத்த ஒத்தப் படமா நகத்துங்க. செகண்டுக்கு 25 ஃபிரேம்.

தூண்கிட்ட வந்து நிக்கிற ஃபிரேமப் பாத்து ஏமாறாதீங்க. ராத்திரி கேமராவோட இன்ஃப்ராரெட் வெளிச்சம் பிளேட்டுல நேரா அடிச்சுத் திரும்பும், மெயின்லயும் வெள்ளைக் கட்டியாத்தான் இருக்கும். வண்டி திரும்பி பிளேட்டு சாஞ்சு தெரியிற ஃபிரேம்ல எழுத்து வரும். நகரும்போது இழுவுன மாதிரி இருந்தா அடுத்தடுத்த ஃபிரேம் பாருங்க, பிரேக் புடிக்கிற எடத்துல ஒண்ணு நிக்கும்

சித்தப்பா: யப்பா

முத்து அத்தான்: இன்னும் முடியல. பென் டிரைவ் 8 ஜிபி போதும், ஃபேட்32ங்கிற முறையில ஃபார்மட் பண்ணிக் கொண்டு போங்க. மத்ததப் பழைய டிவிஆர் கண்டுக்காது. 20 நிமிசம் எடுத்தா 300 எம்பி. எடுக்கும்போது மெயினான்னு பாத்துக்கங்க, சில டிவிஆர் சப்பையும் கேட்டு எடுத்துக் குடுக்கும். எடுத்ததும் அங்கயே லேப்டாப்ல விஎல்சி பிளேயர்ல ஓட்டிப் பாருங்க. ஹெச்.265ங்கிற சுருக்க முறையில பதிஞ்சது, பழைய பிளேயர்ல சத்தம் மட்டும் வரும், படம் கருப்பா நிக்கும். அத ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிராதீங்க.

குழுவுக்கு அனுப்புறப்ப டாக்குமெண்டா அனுப்புங்க. வீடியோவா அனுப்புனா வாட்ஸ்அப் நசுக்கிரும், மறுபடி சப் கதைதான்

மீனா அத்தை: ஸ்டேசனுக்குப் போறதா இருந்தா போன்ல மானிட்டரப் படம் புடிச்சதெல்லாம் செல்லாது முத்து. எங்க வக்கீலம்மா சொல்லுவாங்க, 2024 ஜூலைல இருந்து புதுச் சாட்சியச் சட்டம், பிரிவு 63. பழைய சட்டத்துல இருந்த பிரிவு 65பி இப்ப அதுதான். சர்டிஃபிகேட்டு வேணும், அதுல ஃபைலோட ஹாஷ் எண்ணும் போடணும், அது ஃபைலுக்குக் கைரேகை மாதிரி

முத்து அத்தான்: ஆமாம்மா. அதனால ஒரிஜினல் ஃபைல வெட்டாதீங்க, எதையும் மாத்தி சேமிக்காதீங்க. பாக்குறதுக்கு ஒரு காப்பி தனியா

பெரியப்பா: ஸ்டேசனெல்லாம் எதுக்கு. நம்பரக் காட்டுனா அவனே கொத்தனாரக் கூட்டிட்டு வருவான்

மீனா அத்தை: நீங்க சொன்னா சரிண்ணே

கார்த்தி: சரி, போறது யாரு

சித்தப்பா: எனக்கு புதன் வரைக்கும் கடை

பெரியப்பா: எனக்கு முட்டி வலி

ராஜி அக்கா: அத்தான் போகலாம்ல

முத்து அத்தான்: வியாழன் மதியத்துக்கு மேல முடியும்னா பாக்குறேன். சமயநல்லூர்ல ஒரு வேலை இருக்கு. ஆனா டிவிஆர் பாஸ்வேர்டு பெரிய மாமாதான் மாத்துனாரு

சித்தப்பா: எனக்கும் சொல்லல

பெரியப்பா: சொல்லாததுக்குக் காரணம் இருக்கு

பெரியப்பா: மாப்ளைக்கு தனியா அனுப்புறேன்

முத்து அத்தான்: அதுவரைக்கும் யாரும் "டிஸ்க் எரர் வருது"ன்னு ஃபார்மட் பட்டன அமுக்கிராதீங்க. கார்த்தி, உன்னத்தான்

கார்த்தி: நான் எப்ப

ராஜி அக்கா: மானிட்டரு அங்க இருக்கா?

சித்தப்பா: இருக்கு. மவுசு இல்ல. அம்மா எங்கயோ எடுத்து வச்சிருச்சு

மீனா அத்தை: கேட்டேன். "கறுப்பு வாலு வச்ச சாமானா, பரண்ல கெடக்கு"ங்குது

முத்து அத்தான்: நான் ஒண்ணு கொண்டு போறேன். போறப்ப சொல்றேன்

ராஜி அக்கா: அப்ப மொத்தம் 11ன்னு சொல்லிரவா சமையக்காரருட்ட?

பெரியப்பா: 15ன்னு சொல்லு