புதுப்பிப்பு: கந்தர்மடம் புதுத் தொடர்மாடி வீடு, எடுத்துவிட்டோம்

யாழ்ப்பாணம் கந்தர்மடத்தில் இப்போதுதான் கட்டி முடித்த தொடர்மாடியில் மூன்றாம் மாடி, இரண்டு அறை, ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், வாடகைக்கு எடுக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? எடுத்துவிட்டோம். வீட்டுக்காரர் கனடாவில், சாவி அவருடைய மச்சானிடம், பேச்செல்லாம் வைபரில். இழுத்துப் பேசி அட்வான்ஸை மூன்று மாதமாக்கினோம்.

"பெயின்ரைப் பார்க்காதை, பைப்பைத் திறந்து பார்" என்று எழுதிய அண்ணைக்கு நன்றி. குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான், சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, நாலு தரம் கொதிக்க வைத்தாலே கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறது, சவர்க்காரம் போட்டால் நுரைக்க மாட்டேன் என்கிறது. தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024இல் திறந்தாயிற்று, அந்தத் தண்ணீர் எங்கள் கட்டடத்துக்கு எப்போது என்றால் "விண்ணப்பம் போட்டிருக்கு" என்ற பதில்தான். குடிக்கப் போத்தல் தண்ணீர்.

ஜெனரேற்றர் இருக்கிறது என்றார்களே, அது லிஃப்டுக்கு மட்டும். தண்ணீர் ஏற்றும் மோட்டருக்கு இல்லை! கரன்ட் நீண்ட நேரம் போனால் மேல் தாங்கி காலி, ஆனால் லிஃப்டில் ராசா மாதிரி இறங்கலாம்.

மற்றபடி காற்று நல்லாய் வருகிறது, மின்மீற்றர் தனி, நல்லூர்த் திருவிழாவுக்கு வீதி மூடினாலும் நடந்தே போய்வரலாம். குளியலறைச் சுவரில் ஈரம் தெரிகிறது, சீமெந்து காயவில்லை என்கிறார் மச்சான். கார்த்திகை மழைக்கு முன் பார்த்துத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியாயிற்று.

இரண்டாம் மாடியில் ஒன்று காலி. ஜன்னலை மறைத்து மாமரம், வெளிச்சம் குறைவு. வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள்.