மறு: ‘இலத்தீன் பூசை’க்கு மாற்றாக ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். கத்தோலிக்கத் திருச்சபையில் 1969இன் மாற்றத்துக்கு முன்பிருந்த திருப்பலி (பூசை) முறையை நம் அகராதியில் எந்தப் பெயரால் குறிப்பது என்ற உரையாடலுக்கு என் மறுமொழி இது. வந்த முன்மொழிவுகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

> ‘இலத்தீன் பூசை’ என்றே இருக்கட்டும். எல்லோருக்கும் விளங்குகிறதே.

விளங்குகிறதுதான், பிழையாக. திருத்தந்தை ஆறாம் பவுல் 1969இல் அறிவித்த புதிய முறையின் மூலநூலும் இலத்தீன்தான். அதையும் இலத்தீனிலேயே நிறைவேற்றலாம். கொட்டாஞ்சேனையில் ஒரு குருவானவர் அப்படிச் செய்தால் அதை எந்தப் பெயரால் அழைப்பீர்கள்? வேறுபாடு மொழியோடு முடிவதில்லை. முந்திய முறையின் 1962 திருப்பலி நூலில் நற்கருணை மன்றாட்டு (அப்பத்தையும் இரசத்தையும் அர்ப்பணிக்கும் நடுப்பகுதி மன்றாட்டு) ஒன்றே ஒன்று. புதிய முறையின் 1970 நூலில் நான்கு. ஞாயிறு வாசகங்கள் ஓராண்டுச் சுற்றிலிருந்து மூவாண்டுச் சுற்றாயின.

> ‘மரபுத் திருப்பலி’

இது முந்திய முறையை விரும்பும் தரப்பின் கொடி. ‘அப்படியானால் எங்களுடையது மரபில்லையா?’ என்று மற்றவர் கேட்பார். ‘பழைய பூசை’ என்றாலோ பழஞ்சோற்று வாடை அடிக்கிறது.

> ‘அசாதாரண வடிவம்’

2007இல் பதினாறாம் பெனடிக்ட் ஒரே உரோமை வழிபாட்டுக்குச் சாதாரண (புதியது), அசாதாரண (முந்தியது) வடிவங்கள் உண்டு என்றபோது இது பொருந்தியது. (அன்று வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயத்தில் செயலராக இருந்த மல்கம் ரஞ்சித் 2009இல் நமக்கு, கொழும்புக்கு, பேராயரானார். இங்கே இந்தப் பேச்சு சூடாவதில் வியப்பில்லை.) 2021இல் பிரான்சிஸ் அந்தப் பிரிப்பையே கைவிட்டார். போதாததற்கு, ‘அசாதாரண’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ‘நாட்டின் அசாதாரண சூழ்நிலை’, பூசைக்கும் ஊரடங்கா?

‘முன்வழக்கு’ என்று நானே முதலில் எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது புதுக்கடை நீதிமன்றத்தில் தவணை போட்ட வழக்குப் போல் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு: ‘முன்னைமுறை’, ‘நடப்புமுறை’. எது முந்தியது, எது இன்று பொதுவில் உள்ளது என்பதை மட்டும் இவை சொல்கின்றன. எது மேல் என்று சொல்வதில்லை.

இவற்றின் பின் சேரும் சொல் ‘பூசை’யா ‘திருப்பலி’யா என்பதில்தான் எனக்குத் தயக்கம். என் அம்மம்மா ‘பூசை காண’ப் போனார். நான் ‘திருப்பலியில் பங்கேற்க’ப் போகிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வலியுறுத்திய ‘முனைப்பான பங்கேற்பு’ எங்கள் வீட்டு வினைச்சொல்லையே மாற்றிவிட்டது. ஆனால் அம்மம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாராவது சொன்னால் ஒப்பமாட்டேன். எழுந்தேற்றத்தின்போது (குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் வேளையில்) மணி ஒலித்ததும் அவர் தலை தாழ்த்தியதைக் கண்டவர்களுக்கு அது தெரியும். ‘காண்பது’ நம் மொழியில் சின்ன வேலையன்று. கோயிலுக்குப் போகும் சைவரும் சாமி காணத்தான் போகிறார்.

ஆகவே முன்னைமுறைக்குப் ‘பூசை’, நடப்புமுறைக்குத் ‘திருப்பலி’ என்று பங்குபோட்டுக் கொடுப்பதை எதிர்க்கிறேன். சொல்லைப் பிரித்தால் சண்டை சொல்லுக்குள் குடியேறிவிடும். அகராதியில் இரண்டுக்கும் ‘திருப்பலி’ என்றே வரட்டும். பேச்சில் ‘பூசை’ இரண்டுக்கும் வாழட்டும்.

பதிவேற்றுபவருக்கு ஒரு வேண்டுகோள்: ‘முன்னைமுறை’யைச் சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் ‘போன தடவை நடந்த திருப்பலி’ என்று படித்துவிடுவார்கள்.